வாசம் வந்தால் நஷ்டம்

மின்விசிறி சுற்றாமல் முனகினால் ரிப்பேர் கடைக்காரர் "கண்டென்சர் போயிடுச்சு" என்பார். அவர் மாற்றித் தருவது கெப்பாசிட்டர். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் அந்தச் சாமானுக்கு ஒரு காலத்தில் கண்டென்சர் என்றுதான் பெயர். பாடப்புத்தகத்தில் பெயர் மாறிய பிறகும் கடைத்தெருவில் மாறவில்லை. நான் இருபத்தைந்து வருடங்கள் வரைந்து பிழைத்தது இன்னொரு கண்டென்சரை. ஆவியை மறுபடி திரவமாக்கும் கண்டென்சர். பழைய ஃப்ரிட்ஜின் முதுகில் தூசு படிந்து கிடக்கும் கறுப்புக் கம்பி வலை அந்த ஜாதி. ஏசியின் வெளிப்பெட்டி அதன் தம்பி. அனல்மின் நிலையத்தில் வீடு அளவுக்கு ஒன்று இருக்கும்.

வேலை என்று பார்த்தால் ஒரே வேலைதான். ஆவியிடமிருந்து சூட்டை வாங்கி வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். அந்த வேறொருவர் பெரும்பாலும் தண்ணீர், சில இடங்களில் காற்று. எவ்வளவு சூடு என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் அசந்துபோவார்கள். ஒரு கிலோ தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலை வரை கொண்டுபோக எவ்வளவு விறகு செலவாகுமோ, அதைப்போல ஏழு மடங்குக்கு மேல் செலவாகும் அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க. அந்தச் சூடு ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. தெர்மாமீட்டரில் தெரியாது. ஆவி திரும்பத் தண்ணீராகும் கணத்தில் மொத்தமாக வெளியே வரும். கொதிக்கிற தண்ணீர் கையில் பட்டதற்கும் ஆவி பட்டதற்கும் புண்ணில் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஜேம்ஸ் வாட் 1760-களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் பழுதான நியூகோமன் எஞ்சின் மாதிரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது இதைத்தான் கண்டு திகைத்தார். கொஞ்சம் ஆவியைக் குளிர்ந்த நீருக்குள் செலுத்தினால், அது தன் எடையைப்போல ஆறு மடங்கு நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோய்விடுகிறது. ஏன் என்பதை அதே பல்கலைக்கழகத்தின் ஜோசப் பிளாக் விளக்கினார். அதைத்தான் இன்று உள்ளுறை வெப்பம் என்கிறோம். 1765-ல் வாட்டுக்கு வந்த யோசனை, ஆவியைக் குளிர்விக்கத் தனியாக ஒரு பாத்திரம் வைப்பது. 1769-ல் காப்புரிமை. எஞ்சின் வரலாறு என்று படிக்கிறோம், ஆனால் மாறியது கண்டென்சர்.

நம் பக்கத்தில் இதற்கு எஞ்சினே தேவைப்படவில்லை. ஊறல் பானையின் வாயில் குளிர்ந்த தண்ணீர்ச் சட்டியைக் கவிழாமல் உட்கார்த்தி, தண்ணீர் சுடச்சுட மாற்றிக்கொண்டே இருந்தவர்களும் கண்டென்சர் இயக்குநர்கள்தான். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் அத்தர் காய்ச்சுகிறவர்கள் 'தேக்' என்ற செப்பு அண்டாவில் பூவை வேகவைத்து, மூங்கில் குழாய் வழியே ஆவியை 'பப்கா' என்ற செப்புக் குடத்துக்கு இறக்குகிறார்கள். குடம் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் இருப்பவர் குடத்தைக் கையால் தொட்டுப் பார்த்து, சூடேறியதும் மாற்றுவார். அங்கே அளவுமானி அவருடைய உள்ளங்கை.

அப்படி ஒரு உள்ளங்கையை நான் நீலகிரியில் பார்த்தேன்.

என் சித்தப்பா மேட்டுப்பாளையத்துக்காரர். கோத்தகிரிக்கு மேலே தைலம் காய்ச்சும் கொட்டகை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். யூகலிப்டஸ் இலையை அண்டாவில் திணித்து, தண்ணீர் ஊற்றி, அடியில் விறகு போட்டு எரிப்பது பழைய முறை. ஆவியோடு தைலமும் கிளம்பும். தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல் தனியாக இருந்தால் 176 டிகிரியில்தான் கொதிக்கும். நீராவியோடு கைகோத்தால் தண்ணீர் கொதிக்கும் சூட்டிலேயே கிளம்பிவிடும். ஆவி ஒரு செப்புச் சுருள் வழியாகத் தண்ணீர் டிரம்முக்குள் இறங்கி, மறுபக்கம் தண்ணீரும் எண்ணெயுமாகச் சொட்டும். எண்ணெய் மேலே மிதக்கும். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல நாள்.

போன வருடம் சித்தப்பா கடன் வாங்கி ஒரு சின்ன பாய்லர் போட்டார். மணிக்கு 50 கிலோ ஆவி தரும். எட்டு மணி நேர வேலை நாலு மணி நேரத்தில் முடியும் என்பது கணக்கு. இரண்டு மாதத்தில் எனக்கு போன் வந்தது.

"கண்ணு, இலை அதே இலைதான். எண்ணெய் கொறையுது. ஊரே மணக்குது, ஆனா கேன் நெறைய மாட்டேங்குது. உன்ற படிப்புதானே இது, வந்து பாரு."

போனேன். கொட்டகைக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே பஸ்ஸில் இருந்தவர்கள் மூச்சை இழுத்து "ஆகா" என்றார்கள். முப்பது வருடமாக அங்கே தீ போடுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் நோயைச் சரியாகச் சொன்னார்: "வாசம் வருதுன்னா காசு போகுதுன்னு அர்த்தம் தம்பி. விறகு அடுப்புல நான் டிரம்ம தொட்டுப் பாத்துத்தான் தீயக் கொறைப்பேன், கூட்டுவேன். இப்ப பாய்லர் அது பாட்டுக்கு ஊதுது. யாரைக் கேக்குது?"

நான் டேப்பை எடுத்துச் சுருளை அளந்தேன். 25 மில்லிமீட்டர் குழாய், எட்டு மீட்டர் நீளம். வெளிப்பரப்பு 0.63 சதுர மீட்டர். டிரம்மில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது, மேலே கொதிக்கிறது, அடியில் ஜில்லென்று இருக்கிறது. இந்த நிலையில் அது மணிக்கு இருபது கிலோ ஆவியைச் சமாளிக்கும், மிஞ்சினால் இருபத்திரண்டு. பெரியவர் முப்பது வருடமாகத் தீயை அந்த இருபது கிலோவுக்குள் வைத்திருந்தார். கொட்டகையின் வேகத்தை நிர்ணயித்தது சுருள். அதைத் தெரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். பாய்லர் வாங்கும்போது அவரிடம் யாரும் கேட்கவில்லை.

சித்தப்பா அதற்குள் இரண்டு கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தார். ஒருவர் 0.4 சதுர மீட்டர் போதும் என்கிறார். இன்னொருவர் 3 சதுர மீட்டர் வேண்டும் என்கிறார். விலையும் அதே விகிதத்தில். "ரெண்டு பேரும் இன்ஜினியருங்கதானே கண்ணு, ஒரே சாமானுக்கு எப்படி இத்தனை வித்தியாசம்?" என்றார். நியாயமான கேள்வி. இருவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டிருந்தார்கள். உங்கள் தண்ணீர் எப்படி என்று இருவரும் கேட்கவில்லை.

கண்டென்சரின் அளவைக் கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் போதும். எவ்வளவு சூடு போக வேண்டும்? ஆவிக்கும் தண்ணீருக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம்? நடுவில் இருக்கும் சுவர் எவ்வளவு தாராளமாக விடும்? முதல் எண்ணை மற்ற இரண்டால் வகுத்தால் பரப்பு. டொனால்ட் கெர்ன் 1950-ல் எழுதிய தடித்த புத்தகத்தை வைத்துத்தான் எங்கள் தலைமுறை இதைக் கற்றது. இப்போது மென்பொருள் ஒரு நொடியில் சொல்லிவிடும். கேள்விகள் அதேதான்.

முதல் கேள்வி சுலபம். கொட்டகை ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரியில் கொதித்துவிடும். மலையில் பருப்பு வேக நேரமாகும் என்பார்களே, அதே காரணம். 50 கிலோ ஆவி ஒரு மணி நேரத்தில் திரவமாக 31.6 கிலோவாட் வெளியேற வேண்டும். வடிந்த சுடுநீரை 35 டிகிரிக்கு இறக்க இன்னொரு 3.4. ஆக மொத்தம் 35 கிலோவாட். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு பதினேழு, பதினெட்டை ஒரே நேரத்தில் முழு வேகத்தில் எரியவிட்டால் எவ்வளவோ, அவ்வளவு.

இரண்டாவது கேள்வியில்தான் விவகாரமே இருக்கிறது. ஆவி பக்கம் 93, அது மாறாது. தண்ணீர் பக்கம்? கொட்டகைக்குத் தண்ணீர் ஒரு சிற்றோடையிலிருந்து வருகிறது. மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ஆனால் மழையில் இலை நனைந்திருக்கும், விறகும் நனைந்திருக்கும். சித்தப்பா அதிகம் காய்ச்சுவது வெயில் மாதங்களில். ஓடை மெலிவதும் அப்போதுதான். நான் போனது ஏப்ரல். 20 லிட்டர் பக்கெட்டைக் குழாயடியில் வைத்து செல்போனில் நேரம் பார்த்தேன். நிறைய 75 விநாடி. மணிக்கு 960 லிட்டர். நீர் 18 டிகிரி.

960 லிட்டர் தண்ணீர் 35 கிலோவாட்டை வாங்கினால் 31 டிகிரி ஏறும். 18-ல் உள்ளே போய் 49-ல் வெளியே வரும். கண்டென்சருக்குள் நுழையும்போது அது 21 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஒரு முனையில் வித்தியாசம் 72, மறுமுனையில் 44. மடக்கைச் சராசரி எடுத்தால் 57. இதே கணக்கை மழைக்காலத் தண்ணீரில் போட்டால் 70. 0.4 சதுர மீட்டர்காரர் போட்டது இன்னும் தாராளமான கணக்கு: 15 டிகிரி நீர், வேண்டிய அளவு, கொதிநிலை 100, பளபளக்கும் புதுக் குழாய். அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது வருடத்தின் மிக நல்ல நாளுக்கான கண்டென்சர். கோடையில் அது சித்தப்பாவின் கடன் தவணையை மலைக்காற்றுக்கு விட்டிருக்கும்.

மூன்றாவது கேள்வி, சுவர். உலோகம் இங்கே பெரிய தடை இல்லை. ஆவி குழாயைத் தொட்டதும் அதன் மேல் மெல்லிய நீர்ப்படலமாக வடியும். அடுத்து வரும் ஆவி அந்தப் படலத்தைத் தாண்டித்தான் சூட்டைக் கொடுக்க வேண்டும். தான் பெற்ற பிள்ளையே வாசலை மறித்து நிற்கிற கதை. வில்ஹெல்ம் நுசெல்ட் 1916-ல் இந்தப் படலத்துக்குக் கணக்கு எழுதினார், இன்றும் அதுதான் அடிப்படை. இதைவிடப் பெரிய வில்லன் காற்று. ஆவியோடு கொஞ்சம் காற்று கலந்திருந்தாலும் அது திரவமாகாமல் குழாயை ஒட்டிப் போர்வையாக நின்றுவிடும். இலை திணித்த அண்டாவில் காற்றுக்குக் குறைவில்லை. அதனால் எண்ணெய் வடியும் முனை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். காற்று வெளியேற அதுவே வழி. அதை அடைத்தால் அண்டா வெடிகுண்டு. தண்ணீர் பக்கத்தில் ஓடையின் வண்டல் வேறு படியும். இவ்வளவையும் வைத்து, ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 600 வாட் என்று எடுத்தேன். சுத்தமான சூழலில் ஆயிரத்தைத் தாண்டலாம். கொட்டகை சுத்தமான சூழல் இல்லை.

57-ஐ 600-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு 34.2 கிலோவாட். நமக்கு வேண்டியது 31.6. பரப்பு 0.92 சதுர மீட்டர்.

அப்படியானால் அந்த 3 எங்கிருந்து வந்தது? பயத்திலிருந்து. எங்கள் தொழிலில் பயத்துக்குச் சதவீதம் என்று பெயர். கேட்பவர் எதற்கும் இருக்கட்டும் என்று பத்து சேர்ப்பார். வடிவமைப்பவர் இருபது சேர்ப்பார். அழுக்குக்கு என்று அட்டவணையில் ஒரு எண் உண்டு, அதை ஏற்கெனவே அழுக்காகக் கணக்கிட்ட எண்ணின் மேல் இன்னொருமுறை போடுவார்கள். விற்பவர் புகார் வராமலிருக்க மேலும் கொஞ்சம். ஒவ்வொருவரும் அடுத்தவர் சேர்த்தது தெரியாமல் சேர்ப்பார்கள். கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். காசு ஒருபுறமிருக்க, குழாய்கள் அதிகமானால் ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் மெதுவாகப் போகும். மெதுவாகப் போகும் தண்ணீர் வண்டலைக் கீழே போட்டுவிடும். அழுக்குக்குப் பயந்து பெரிதாக்கியதே அழுக்கை வரவழைக்கும். நான் மோசமான நாளுக்குக் கணக்குப் போட்டு, அதன் மேல் கால் பங்கு ஒரே ஒருமுறை சேர்த்தேன். 19 மில்லிமீட்டர் குழாய், 1.2 மீட்டர் நீளம், 16 குழாய். 1.15 சதுர மீட்டர்.

"பால் பண்ணையில தகடு தகடா அடுக்கி வெச்சிருப்பாங்களே, சின்னதா, அது ஆகாதா?" என்று சித்தப்பா கேட்டார். தகட்டு வெப்பமாற்றி அருமையான சாமான், பாலுக்கு. நமக்கு இரண்டு தடை. 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு கிலோ ஆவி இரண்டு கன மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். 50 கிலோ என்றால் மணிக்கு நூறு கன மீட்டர். சின்னத் தகட்டு மாற்றியின் ஓரங்குல வாயில் அது நுழைய விநாடிக்கு ஐம்பது மீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். அவ்வளவு அழுத்தம் இலை அண்டாவில் கிடையாது, இருக்கவும் கூடாது. அடுத்தது, தகடுகளுக்கு நடுவே ரப்பர். யூகலிப்டஸ் தைலம் பட்டால் சாதாரண ரப்பர் ஊறி வீங்கும்.

அதனால் ஓட்டுக்குள் குழாய்க்கட்டு. ஆவி வெளியே, ஓட்டுக்குள். தண்ணீர் குழாய்க்குள். ஆவியைக் குழாய்க்குள் விடுவதிலும் வசதிகள் உண்டு. ஆனால் வண்டல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பிரஷ் போக வேண்டும். குழாய்க்குள் என்றால் மூடியைக் கழற்றி நீளப் பிரஷ்ஷை விட்டு ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம். பதினாறு குழாயை நாலு நாலாகப் பிரித்து, தண்ணீர் நாலு தடவை போய்த் திரும்பும்படி செய்தோம், வண்டல் தங்காத வேகம் கிடைக்க. ஓட்டை வடியும் பக்கமாக லேசாகச் சாய்த்தோம்.

அந்த 3.4 கிலோவாட்டை மறக்கவில்லை. வடிந்த சுடுநீரை இன்னும் குளிர்விக்காவிட்டால் மேலே மிதக்கும் எண்ணெய் அங்கிருந்தே பறக்கும். மொத்தச் சூட்டில் இது பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மெதுவாக வடியும் திரவம் சூட்டைக் கொடுப்பதில் மகா கஞ்சன், 150 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கணக்குப் போட்டால் இதற்கு மட்டும் 0.6 சதுர மீட்டர் வருகிறது. பழைய செப்புச் சுருள் 0.63. டிரம்மோடு அதை அப்படியே கீழே வைத்தோம். ஓடைத் தண்ணீர் முதலில் டிரம்முக்குள் போய் 21 டிகிரியாகிப் பிறகு கண்டென்சருக்கு ஏறுகிறது. சுருளைக் கழற்றி எடைக்குப் போடப் போகிறார்கள் என்று முகம் வாடியிருந்த பெரியவருக்கு இதில்தான் திருப்தி.

எண்ணெய் விவகாரம் முடிந்தது. தண்ணீர் விவகாரம் முடியவில்லை. மணிக்கு 960 லிட்டர் என்பது கோடையில் அந்த ஓடையிலிருந்து குழாய்க்கு வரும் முழு நீர். அதை 49 டிகிரியில் திரும்ப விட்டால்? கீழே முட்டைக்கோஸும் கேரட்டும் போட்டிருக்கும் ஒரு அக்கா, அளவெடுக்க வந்த எங்களைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தார். "தண்ணி எடுக்கறதுக்கு ஒண்ணும் சொல்லலீங்ணா. சுட வெச்சு விட்டீங்கன்னா அதை நான் எங்க கொண்டுபோய் ஊத்தறது?" சித்தப்பா என்னைப் பார்த்தார். எந்தக் கொட்டேஷனிலும் அந்த அக்காவுக்கு ஒரு வரி கிடையாது. இருபத்தைந்து வருடங்களில் என் மேஜைக்கு வந்த படிவங்களில் "நீர் நுழையும் வெப்பநிலை", "வெளியேறும் வெப்பநிலை" என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. வெளியேறி எங்கே போகிறது என்று மூன்றாவது கட்டம் பார்த்ததில்லை.

இது சின்னக் கொட்டகையின் கதை மட்டும் இல்லை. நிலக்கரி மின்நிலையத்தில் எரிக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ பாதி கண்டென்சர் வழியாகத்தான் வெளியேறுகிறது. மின்சாரமாவது அதைவிடக் குறைவு. மின்நிலையங்கள் கடலோரத்தையும் ஆற்றோரத்தையும் தேடிப் போவதற்கு இது முக்கியக் காரணம். கழிமுகத்தில் வலை வீசுகிறவர்கள் சுடுதண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கும் காரணம் இதுதான்.

வழி பழையது. சூட்டைக் காற்றிடம் கொடுப்பது. கொட்டகைக்குப் பின்னால் மூங்கில் பிளாச்சுகளை அடுக்கடுக்காகக் குறுக்கே கட்டி, மேலிருந்து சுடுநீரைத் தூவி, அடியில் தொட்டியில் பிடித்து, அரை எச்.பி. மோட்டாரில் திரும்பச் சுற்றவிட்டோம். கொஞ்சம் நீர் ஆவியாகிப் போகும்போது மிச்ச நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். மண்பானையில் நடப்பதுதான். எவ்வளவு ஆவியாகும்? மணிக்கு ஏறத்தாழ 50 லிட்டர். உள்ளே 50 கிலோ ஆவி தண்ணீராக வேண்டுமென்றால், வெளியே கிட்டத்தட்ட அதே அளவு தண்ணீர் ஆவியாகியே தீரும். அந்தக் கணக்கிலிருந்து தப்ப வழியில்லை. ஆனால் ஓடையிலிருந்து எடுப்பது 960 லிட்டரிலிருந்து அறுபது, எழுபதுக்கு இறங்கிவிட்டது. தொட்டியில் உப்பு சேராமலிருக்க அவ்வப்போது கொஞ்சம் மாற்றும் தண்ணீரும் அதில் அடக்கம். தூவி வரும் நீர் 22 டிகிரி, ஓடையைவிட நாலு டிகிரி சூடு. ஆனால் மணிக்கு 2,400 லிட்டர் சுற்றுவதால் ஏற்றம் குறைவு, சராசரி வித்தியாசம் 64-க்குப் போய்விட்டது. பதினாறு குழாய் தாராளம். மோட்டார் நின்றுபோனாலும் ஓடையை நேரடியாகத் திருப்பி அன்றைய இலையை முடித்துவிடலாம்.

செலவு 0.4 சதுர மீட்டர்காரர் சொன்னதைவிட அதிகம், 3 சதுர மீட்டர்காரர் சொன்னதில் பாதி. மூங்கிலுக்குக் கூலி மட்டும்தான்.

முதல் வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெரியவர் போன் செய்தார். குரலில் சந்தேகம். "தம்பி, எண்ணெய் வருது. ஆனா கொட்டாயில வாசமே இல்லியே, எதாச்சும் கோளாறா?" இல்லைங்க ஐயா, அதுதான் சரி என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. சுருள் டிரம்மை இன்னும் அரை மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்கிறாராம். பார்க்கட்டும். பிரஷ் போட வேண்டிய நாள் வந்துவிட்டதை மீட்டருக்கு முன்னால் அந்தக் கை சொல்லும். சித்தப்பாவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: திங்கட்கிழமைதோறும் பக்கெட்டை ஓடைக் குழாயடியில் வைத்து எத்தனை விநாடி என்று நோட்டில் எழுதுங்கள். இந்த ஏப்ரலில் 75 இருந்தது. அடுத்த ஏப்ரலில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.